வீவக வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? சுத்தியல் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சாவி கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, “என்ன கலர் டைல்ஸ் போடலாம்?” என்றுதான். உண்மையில் அது கடைசி வரிசையில் நிற்க வேண்டிய கேள்வி. வீட்டுப் புதுப்பிப்பில் சில முடிவுகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சில முடிவுகளை ஒருமுறை எடுத்தால் பத்து வருடம் அதோடுதான் வாழ வேண்டும். சுவர், தண்ணீர்க் குழாய், மின்கம்பி மூன்றும் இரண்டாவது வகை. பெயிண்ட், திரைச்சீலை, விளக்கு எல்லாம் முதல் வகை. மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்து, அதை எழுத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி வராது. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

இது சிங்கப்பூரின் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது. கூட்டுரிமை வீடு (கொண்டோ) என்றால் நிர்வாகத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், வைப்புத்தொகையும் கேட்பார்கள்; வேலை நேர விதிகளும் அங்கே வேறாக இருக்கும். தரைவீட்டில் கட்டமைப்பையே மாற்றுவது வேறு உலகம், அதை இங்கே தொடவில்லை.

படி 1: இந்த வீட்டில் எத்தனை வருடம் இருக்கப் போகிறீர்கள்?

பிடிஓ வீட்டுக்கு, அதாவது முன்பதிவுக்குப் பின் கட்டித்தரும் புது வீட்டுக்கு, வழக்கமான குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் 5 ஆண்டு; அதற்கு முன் விற்க முடியாது. 2024 அக்டோபர் முதல் விற்பனைக்கு வந்த பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு அது 10 ஆண்டு. ஐந்து வருடம் முடிந்ததும் விற்றுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால், சுவரோடு சுவராகப் பதித்த அலமாரிகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. வாங்க வருகிறவர் அதற்காகக் கூடுதல் விலை தருவார் என்ற உத்தரவாதமும் இல்லை. பதினைந்து வருடம் இருக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அப்போது வீட்டில் யாருக்கு என்ன வயதாகும் என்றும் யோசிக்க வேண்டும். இன்று தொடக்கப்பள்ளிக்குப் போகிற பிள்ளை அன்று கட்டாயத் தேசிய சேவையையே முடித்திருப்பான். இன்று மாடிப்படி ஏறுகிற அம்மா அன்று குளியலறைக் கைப்பிடியைத் தேடுவார்.

சரி, அடுத்து ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டின் ஒரு சாதாரண நாளைக் காலை முதல் இரவு வரை எழுதிப் பாருங்கள். யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள், பள்ளிப் பைகள் எங்கே விழுகின்றன, துணி எங்கே காய்கிறது, யார் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். இணையத்தில் சேர்த்து வைத்த அழகான படங்களைவிட வடிவமைப்பாளருக்கு இந்த ஒரு தாள் நிறையச் சொல்லும்.

நம் வீட்டுச் சமையலறைக்கு மட்டும் தனியாகச் சில கேள்விகள்

திறந்த சமையலறை வேண்டும் என்று கேட்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடிக்கொண்டே போகின்றன. படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வடிவமைப்பாளர் காட்டும் படத்தில் யாரும் நெத்திலி பொரிப்பதில்லை. வாரத்தில் பாதி நாள் தாளிப்பும் பொரிப்பும் நடக்கிற வீடு என்றால், சுவரை எடுத்த இடத்தில் கண்ணாடித் தடுப்பும் இழுகதவும் போடுங்கள். வெளிச்சமும் வரும், மிளகாய் நெடி சோபாவில் போய் உட்காராது.

அடுத்தது கிரைண்டர். மேசைக் கிரைண்டராக இருந்தாலும் எடை அதிகம். மேல் அலமாரியில் ஏற்றி இறக்குகிற சமாசாரம் அல்ல. அது எப்போதும் இருக்கும் இடம் எது, அங்கே பவர் பாயிண்ட் இருக்கிறதா, மாவு வழித்தபின் கழுவ சிங்க் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி மூட்டை, பெரிய அண்டா, தீபாவளிக்கு மட்டும் இறங்கும் முறுக்கு அச்சு இவற்றுக்கெல்லாம் இடம் வேண்டும் என்று வடிவமைப்பாளரிடம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அவர் வீட்டில் அவை இருக்காது.

பூஜை இடத்துக்கும் இதே நியாயம். விளக்குச் சுடருக்கு நேர் மேலே லேமினேட் பலகை வந்தால் சில மாதங்களில் கருகும் அல்லது உரியும். மேல் தட்டு உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் கல்லோ உலோகத் தகடோ வைக்கச் சொல்லுங்கள். பூஜை அலமாரியை இழுகதவோடு செய்பவர்கள் விளக்கு எரியும்போது கதவை மூடவே கூடாது. சிலர் வீட்டுப் பதுங்கிடத்தையே, அதாவது எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லும் அறையையே, பூஜை அறையாக்குகிறார்கள். அங்கே காற்றோட்டம் குறைவு என்பதை மனத்தில் வையுங்கள்.

படி 2: வீட்டைத் தொடும் முன், அரசாங்கம் தொடப் போகிறதா என்று பாருங்கள்

பழைய மறுவிற்பனை வீடு வாங்குகிறவர்கள் அடிக்கடி தவறவிடுவது இது. 1997 வரை கட்டிய வீவக வீடுகளுக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. உங்கள் புளோக் அதற்குத் தேர்வாகி, தகுதியுள்ள சிங்கப்பூர்க் குடிமக்கள் வீடுகளில் குறைந்தது 75 விழுக்காடு சம்மதித்து வாக்களித்தால் வேலை நடக்கும். உதிரும் கான்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுநீர்க் குழாய் மாற்றுவது, மின்சுமையை உயர்த்துவது போன்ற அத்தியாவசிய வேலைகளுக்குக் குடிமக்கள் காசு கட்ட வேண்டியதில்லை. குளியலறைப் புதுப்பிப்பு, முன்கதவு, இரும்புக் கேட் போன்றவை விருப்பத் தேர்வு. வீட்டு வகையைப் பொறுத்துக் குடிமக்கள் 5 முதல் 12.5 விழுக்காடு வரைதான் கட்டுவார்கள்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போதே கேளுங்கள்: இந்த புளோக்கில் அந்தத் திட்டம் முடிந்துவிட்டதா, அறிவித்திருக்கிறார்களா, இன்னும் வரவில்லையா? அறிவித்தாயிற்று என்றால் சொந்தச் செலவில் குளியலறையை உடைத்துக் கட்டுவதில் அர்த்தமில்லை. படுக்கையறைகளையும் கூடத்தையும் இப்போது முடித்துவிட்டு, குளியலறையை அந்தத் திட்டத்துக்கு விட்டுவிடலாம்.

வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர் இருந்தால் ஈஸ் என்கிற திட்டமும் உண்டு. குளியலறைக் கைப்பிடிகள், வழுக்காத தரைப் பூச்சு, சரிவுப் பாதை இவற்றுக்கு மானியம் கிடைக்கும். இதிலும் குடும்பம் கட்டுவது 5 முதல் 12.5 விழுக்காடுதான். அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவி தேவைப்படும் 60 முதல் 64 வயதினரும் தகுதி பெறலாம். குத்தகையாளரிடம், அதாவது புதுப்பிப்பு வேலையை எடுத்துச் செய்பவரிடம், கைப்பிடிக்குத் தனி விலை கேட்கும் முன் இதைப் பாருங்கள்.

படி 3: எதை உடைக்கலாம், எதைத் தொடவே கூடாது?

தூண், உத்தரம், கட்டடத்தின் சுமையைத் தாங்கும் கான்கிரீட் சுவர் மூன்றையும் தொடக்கூடாது. இதில் பேரம் கிடையாது. எந்தச் சுவர் எந்த வகை என்று தட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வீவகவிடம் வீட்டின் தள வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அதற்கு அப்புறமும் எந்தச் சுவரை எடுப்பதென்றாலும் அனுமதி வேண்டும். “சின்னச் சுவர்தானே, அனுமதியெல்லாம் எதுக்கு” என்று சொல்லும் குத்தகையாளரை அங்கேயே வாசல்வரை வழியனுப்பிவிடலாம். விதியை மீறினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம். அது வீட்டு உரிமையாளருக்கும் வரும்.

வீட்டுப் பதுங்கிடத்தின் சுவர், தரை, கூரை, இரும்புக் கதவு எதையும் உடைக்கவோ மாற்றவோ முடியாது. அதன் காற்றோட்டத் துளைகளை அடைக்கவும் கூடாது. கதவின் தோற்றம் பிடிக்கவில்லை என்பதால் அதைக் கழற்றிவிட்டு மரக்கதவு போட நினைப்பவர்கள் உண்டு. அது நடக்காது.

குளியலறை பற்றித்தான் அதிகம் கேள்வி வருகிறது. புதிய புளோக் கட்டி முடித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குக் குளியலறையின் தரை, சுவர் ஓடுகளைப் பெயர்க்க அனுமதி இல்லை. காரணம் எளிது: ஓட்டுக்கு அடியில் நீர் இறங்காமல் தடுக்கும் படலம் இருக்கிறது. அதை இடித்தால் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டும். வீவக போட்டுத் தந்த ஓடுகள் பிடிக்கவில்லை என்றால் அவற்றின்மீதே புது ஓடு ஒட்டுகிறார்கள். ஆனால் தரைப் பூச்சும் சிமெண்ட் அடுக்கும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக்கூடாது. தரை உயர்ந்தால் கதவு இடிக்கும், வாசல்படி உயரமும் மாறும். இதைக் குத்தகையாளரிடம் முன்பே அளக்கச் சொல்லுங்கள்.

சன்னல் வேலைக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளர்தான் வர வேண்டும். பக்கவாட்டில் திறக்கும் பழைய சன்னல்களில் அலுமினிய ரிவெட் இருந்தால் அதைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டாக மாற்றியாக வேண்டும் என்று 2004லேயே உத்தரவு வந்துவிட்டது. மறுவிற்பனை வீடு வாங்குகிறவர் இதை முதல் நாளே பார்க்க வேண்டும். சன்னல் கழன்று விழுந்தால் உரிமையாளர்தான் பொறுப்பு.

முன்கதவு மாற்றுவதற்கு முன்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கோ மின்தூக்கிக்கோ அருகில் இருக்கும் சில வீடுகளுக்குத் தீத்தடுப்புக் கதவுதான் போட வேண்டும்.

பெயிண்ட் அடிப்பது, சுவர்த்தாள் ஒட்டுவது, அலமாரி செய்வது இவற்றுக்கு அனுமதி தேவையில்லை.

படி 4: புது வீட்டில் குறை பார்ப்பது எப்போது?

குத்தகையாளர் உள்ளே நுழைவதற்கு முன். புது வீவக வீட்டுக்கு ஓராண்டுக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இருக்கிறது. ஓடு உள்ளீடற்று ஒலிப்பது, கதவு சரியாக மூடாதது, நீர்க்கசிவு போன்றவற்றை அதற்குள் சரிசெய்து தருவார்கள். ஆனால் உங்கள் ஆள் தரையை மூடி, சுவரைத் துளைத்தபின் ஒரு விரிசலைக் காட்டினால், அது யாரால் வந்தது என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும். குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றி, அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாயையும் திறங்கள். எல்லாச் சன்னலையும் மூடித் திறங்கள். ஒவ்வொரு குறைக்கும் படம் எடுத்து, அது இருக்கும் இடத்தில் நாடா ஒட்டி, புளோக்குப் பக்கத்தில் இருக்கும் சேவை நிலையத்தில் பதிவு செய்யுங்கள். அவர்கள் சரிசெய்து முடிக்கும்வரை புதுப்பிப்பைத் தள்ளிவையுங்கள். பொறுமை போகும்தான்.

படி 5: கையில் எவ்வளவு பணம், அதில் எவ்வளவு உண்மையில் செலவழிக்கலாம்?

மத்திய சேமநிதிச் (சிபிஎஃப்) சேமிப்பைப் புதுப்பிப்புக்குப் பயன்படுத்த முடியாது. வீடு வாங்க மட்டும்தான். வங்கிகளில் புதுப்பிப்புக் கடன் கிடைக்கும்: 30,000 வெள்ளி அல்லது மாத வருமானத்தின் ஆறு மடங்கு, இதில் எது குறைவோ அதுவரை. பொதுவாக ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும். பல வங்கிகள் பணத்தை உங்கள் கணக்கில் போடாமல் குத்தகையாளர் பெயரிலேயே காசோலையாகத் தரும். அதனால் சோபாவும் குளிர்பதனப் பெட்டியும் வாங்க அந்தக் கடனை நம்ப முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 50,000 வெள்ளி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி, விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை, அடுப்பு, சலவை இயந்திரம், மெத்தை எல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு வெளியே வருபவை. அதற்கு 13,000 ஒதுக்குங்கள். உடைத்தபின் தெரியவரும் அதிர்ச்சிகளுக்கு ஒரு 5,000. ஒப்பந்தத்துக்கு மிஞ்சுவது 32,000. பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. அப்படியென்றால் வரிக்கு முந்தைய விலை 29,350 வெள்ளி அளவில் நிற்க வேண்டும். குத்தகையாளரிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான். 50,000 இருக்கிறது என்று வாய்விட்டால் விலைப்பட்டியலும் 50,000க்குத்தான் வரும்.

வரி விஷயத்தில் இன்னொன்று. எல்லா நிறுவனமும் பொருள் சேவை வரி வசூலிக்க முடியாது; அதற்குப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்திருக்கிறதா என்பதை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். பதிவில்லாத ஒருவர் விலைப்பட்டியலின் அடியில் 9 விழுக்காடு போட்டிருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டுகளையும் மறக்க வேண்டாம். வீவக குடும்பங்களுக்கு 400 வெள்ளி வரை கிடைத்திருக்கிறது. 2027 டிசம்பர் 31 வரை செல்லும். எல்இடி விளக்கு, தண்ணீர் சேமிக்கும் குழாய்கள், மின்சாரம் சேமிக்கும் ஏசி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். பழைய வீட்டில் இருக்கும்போதே செலவழித்துவிடாமல் இதற்காக எடுத்துவையுங்கள்.

படி 6: குத்தகையாளரா, வடிவமைப்பாளரா?

வீவக வீட்டில் அனுமதி தேவைப்படும் வேலையைச் செய்பவர் வீவகவின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். இதை இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். வடிவமைப்பு நிறுவனத்தோடு பேசுகிறீர்கள் என்றால், அந்த நிறுவனம் பட்டியலில் இருக்கிறதா, அல்லது வேலையை வேறொருவரிடம் கொடுக்கப் போகிறதா என்று கேளுங்கள். கொடுக்கப் போகிறது என்றால் அவர் பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு, தினமும் போய்ப் பார்க்க நேரம் இருப்பவர்களுக்குக் குத்தகையாளரே போதும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அறைகளின் அமைப்பே மாறப் போகிறது என்றால் வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் அல்ல. அவர் வரைபடம் போட்டுத் தருகிறாரா அல்லது விற்பனைப் பேச்சு மட்டும்தானா என்பதை முதல் இரண்டு சந்திப்புகளிலேயே கண்டுபிடித்துவிடலாம். அளவு எடுக்காமல் விலை சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் முன்பணத்துக்குப் பாதுகாப்புத் தர வேண்டும். நிறுவனம் திடீரென்று கடையை மூடினால் அந்தப் பாதுகாப்பு உதவும். நண்பர் சொன்னார், உறவினர் சொன்னார் என்ற பரிந்துரை நல்லதுதான், ஆனால் அது இந்தப் பாதுகாப்புக்கு ஈடாகாது. “நம்ம ஆளு, நம்பலாம்” என்பதற்காக ஒப்பந்தம் எழுதாமல் பணம் கொடுப்பதை இன்னும் பார்க்க முடிகிறது. நம்ம ஆளாக இருந்தால் எழுதிக் கொடுப்பதில் அவருக்கு என்ன கஷ்டம்?

படி 7: விலைப்பட்டியலை எப்படிப் படிப்பது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மூன்று பேரிடம் விலை வாங்குகிறோம், குறைந்த தொகை சொன்னவரைப் பிடிக்கிறோம். ஆனால் மூன்று தாளும் ஒரே வேலையைச் சொல்வதில்லை. ஒருவர் இடிபாடுகளை அப்புறப்படுத்தும் செலவைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். ஒருவர் ஓட்டின் விலையையும் பதிக்கும் கூலியையும் சேர்த்திருப்பார், இன்னொருவர் கூலி மட்டும். ஒருவர் தரையை மூடிப் பாதுகாப்பது, முடிவில் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் இலவசம் என்று எழுதி, அதைத் தச்சு வேலை விலையில் ஏற்றியிருப்பார். எனவே வேலைப் பட்டியலை நீங்களே எழுதி மூவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

தச்சு வேலைக்கு இங்கே ஓடும் அடிக்கணக்கில் விலை போடுகிறார்கள். பத்தடி அலமாரி என்றால் பத்து மடங்கு. ஆனால் அந்த அடிக்குள் என்னென்ன அடங்கும்? உள்ளே எத்தனை இழுப்பறை, கீல் மெதுவாக மூடும் வகையா, உள்பக்கப் பூச்சு என்ன, உயரம் எவ்வளவு வரை அதே விலை, கூரைவரை போனால் எவ்வளவு கூடும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இழுப்பறைக்குத் தனி விலை என்பதைக் கடைசியில் தெரிந்துகொள்பவர்கள் நிறைய.

“மொத்தமாக” என்று ஒரே வரியில் எழுதிய எதையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். “மின்வேலை – மொத்தமாக” என்றால் எத்தனை பாயிண்ட்? கம்பி சுவருக்குள் ஓடுமா, வெளியே பிளாஸ்டிக் குழாயில் ஓடுமா?

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 1994க்கு முன் கட்டிய வீடுகளில் முதன்மை சுவிட்ச் 30 ஆம்பியராகவே இருக்கக்கூடும். ஏசி போட அதை 40 ஆம்பியருக்கு உயர்த்த வேண்டியிருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் இதைப் பார்க்க வேண்டும். இல்ல மேம்பாட்டுத் திட்டம் முடிந்த புளோக் என்றால் முன்பே உயர்த்தியிருக்கக்கூடும், பெட்டியைத் திறந்து பாருங்கள். தண்ணீர்க் குழாய் வேலைக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரும், எரிவாயு வேலைக்கு அதற்கென உரிமம் பெற்றவரும் வேண்டும். இவர்கள் வருகிறார்களா என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.

பணம் கட்டும் தவணை வேலையோடு ஒட்டிப் போக வேண்டும். கையெழுத்திடும்போது சிறு தொகை, உடைப்பு முடிந்தபின், ஓடு பதித்தபின், அலமாரி வந்து இறங்கியபின் என்று பிரியுங்கள். தேதிக்குப் பணம் என்று எழுதாதீர்கள், முடிந்த வேலைக்குப் பணம் என்று எழுதுங்கள். கடைசித் தவணை குறைகள் சரியான பிறகுதான்.

அப்புறம், நமக்கே உரிய ஒரு சிக்கல். வேலைக்கு வருகிறவர்களில் தமிழ்நாட்டுத் தம்பிகள் இருப்பார்கள். ஊர் எது என்று பேச்சு தொடங்கும், டீ வாங்கிக் கொடுப்போம், அந்த உரிமையில் “தம்பி, இந்த சுவிட்சைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வெச்சிடுப்பா” என்போம். அவரும் செய்துவிடுவார். பிறகு அந்த இடத்தில் அலமாரி வந்து உட்கார்ந்தால் பொறுப்பு யாருடையது? குத்தகையாளர் தனக்குத் தெரியாது என்பார், அந்தத் தம்பிக்குத் திட்டு விழும். டீ வாங்கிக் கொடுங்கள், தாராளமாக. மாற்றத்தை மட்டும் குத்தகையாளருக்கு எழுத்தில் அனுப்பி, அதற்கான கூடுதல் விலையும் எழுத்தில் வந்தபிறகு செய்யச் சொல்லுங்கள்.

படி 8: எத்தனை நாளாகும், எப்போது தொடங்கலாம்?

அனுமதி கிடைத்த நாளிலிருந்து புது வீட்டுக்கு மூன்று மாதம், ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். பழைய வீட்டுக்காரர்களுக்கு இது நெருக்கடி; எனவே பொருட்களைத் தேர்ந்தெடுத்து, ஓடு வாங்கி வைத்தபின் அனுமதிக்கு விண்ணப்பிப்பது நல்லது.

பொதுவான வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. இரைச்சலான வேலை, அதாவது உடைப்பதும் ஓடு வெட்டுவதும், வார நாட்களில் மட்டும், 9 முதல் 5 வரை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இரைச்சல் வேலை கூடாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு ஆகியவற்றுக்கு முந்தைய நாளும் கூடாது. “சனிக்கிழமை உடைச்சிடலாம் சார்” என்று யாராவது சொன்னால் நகர மன்றத்துக்கும் வீவகவுக்கும் புகார் போகப் போகிறது என்று அர்த்தம்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு மாதம் எல்லாக் குத்தகையாளருக்கும் நெரிசல். தச்சுப் பட்டறைகள் பல மலேசியாவின் ஜோகூரில் இருக்கின்றன. புத்தாண்டுக்கு அவை மூடினால் திறக்க நாளாகும். டிசம்பரில் தொடங்கி ஜனவரி கடைசியில் குடிபுகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் அநேகமாக மார்ச்சில்தான் புகுவார்கள்.

வேலை வரிசை பெரும்பாலும் இப்படிப் போகும்: உடைப்பு, குழாய், மின்கம்பிக்கான வழிகள், ஏசிக் குழாய், ஓடு பதித்தல், பொய்க்கூரை, அலமாரிக்கு அளவெடுப்பு, முதல் பூச்சு, அலமாரி பொருத்துதல், விளக்கு, குழாய் முனைகள், கடைசிப் பூச்சு, சுத்தம். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஏசி நிறுவனம் ஆரம்பத்திலேயே வர வேண்டும், பொய்க்கூரை போட்டபின் வந்தால் மறுபடி உடைப்புதான். அலமாரிக்கு ஓடு பதித்த பிறகுதான் அளவெடுக்க முடியும், அப்புறம் செய்து கொண்டுவர வாரங்கள் ஆகும். நடுவில் வீடு காலியாக, யாருமே வராத நாட்கள் இருக்கும். பதற வேண்டாம்.

கிரகப்பிரவேசத்தைத் தொடக்கத்திலேயே வைப்பதா, முடிந்தபின் வைப்பதா? என் ஓட்டு தொடக்கத்துக்கு. ஆடியும் மார்கழியும் போக, நல்ல நாள் பார்த்து, அந்த நாளுக்குள் முடித்துத் தரச் சொல்லிக் குத்தகையாளரை நெருக்கினால் அவசர வேலைதான் கிடைக்கும். சாவி வாங்கியதும் நல்ல நேரத்தில் பால் காய்ச்சி, விளக்கேற்றி, சடங்கை முடித்துவிட்டால் அதற்கப்புறம் வேலை எப்போது முடிந்தாலும் கவலையில்லை. விருந்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஹோமம் செய்கிறவர்கள் கூரையைப் பாருங்கள்: 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம், புகை பட்டால் அது அலறும். சன்னல்களைத் திறந்து வைத்து, சிறு குண்டத்தில் செய்யுங்கள்.

படி 9: அண்டைவீட்டாரும் கசிவும்

மேலே, கீழே, இரு பக்கமும் உள்ள வீடுகளுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். அறிவிப்பு ஒட்டுவது குத்தகையாளர் வேலை, முகத்தைக் காட்டுவது நம் வேலை. எந்த நாட்களில் உடைப்பு என்று சொன்னால், இரவுப் பணி முடிந்து தூங்குகிறவரோ கைக்குழந்தை வைத்திருப்பவரோ அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்கள். பொருட்களை நடைபாதையில் குவிக்க விடாதீர்கள். குடிபுகுந்த பிறகும் செருப்பு அலமாரியோ செடித்தொட்டியோ வைத்தால், குறைந்தது 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும்.

குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக்குக் கசிந்தால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் 25 விழுக்காடு வீதம் பகிர்வார்கள். மறுவிற்பனை வீடு வாங்குகிறவர்கள் தங்கள் குளியலறைக் கூரையை நிமிர்ந்து பார்ப்பதோடு, கீழ்வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

படி 10: பிரச்சினை வந்தால், வேலை முடிந்தால்

பேசிப் பார்த்தும் சரிவராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாடுவதில்லை, நீங்களே பேசுவீர்கள். அப்போது கைகொடுப்பவை ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகள், தேதியோடு எடுத்த படங்கள்.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போங்கள். குளியலறையை உடைத்துக் கட்டியிருந்தால், வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்ப்பதை ஓடு பதிக்கும் முன்பே கேட்டு நடத்தியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு பவர் பாயிண்டிலும் கைபேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள், ஒவ்வொரு இழுப்பறையையும் இழுங்கள், எல்லா ஏசியையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். குறைகளை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, சரிசெய்யும் தேதியும் போடுங்கள்.

கடைசியாக ஒரு கோப்பு தொடங்குங்கள். அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், உத்தரவாத அட்டைகள், மீதி ஓடுகளின் பெயரும் எண்ணும், பெயிண்ட் எண் எல்லாம் அதில் போகட்டும். சுவரை மூடும் முன் மின்கம்பியும் குழாயும் ஓடும் இடங்களை அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருந்தால் அதையும் சேருங்கள். இரண்டு வருடம் கழித்து சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தைத்தான் முதலில் தேடுவீர்கள்.